எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே மணல்

2024 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நடுராத்திரிப் பூசை கண்டுவிட்டு வந்து தூங்கி எழுந்து, ஊரே மத்தியானச் சோறு உண்டு கிடந்த நேரம். காற்று இல்லை, மழை இல்லை. கடல் மட்டும் ஏறி வந்தது. பொழியூரில் இருக்கும் என் மச்சினன் போனில் கூப்பிட்டு, "அத்தான், வெள்ளம் அடுக்களைக்குள்ள வந்தாச்சு" என்றான். பின்னால் பெண்கள் பாத்திரங்களைக் கட்டில்மேல் தூக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பூந்துறை, வலியதுறை, அஞ்சுதெங்கு என்று திருவனந்தபுரம் கரையில் பல ஊர்களில் அன்று அதே கதைதான்.

இதற்குக் கள்ளக்கடல் என்று பேர். கள்ளன் மாதிரி முன்னறிவிப்பில்லாமல் வருவதால் கரைக்காரர்கள் வைத்த பேர். 2012ல் யுனெஸ்கோவே அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டது. சுமார் 10,000 கிலோமீட்டர் தள்ளி, தென் அட்லாண்டிக் பக்கம் உருவான ஒரு தாழ்வு மண்டலம் மார்ச் 25 வாக்கில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடிக்குள் நுழைந்தது. அது கிளப்பிய பேரலைகள் நாள்கணக்காக ஓடி வந்து நம் கரையில் ஏறின என்று ஹைதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் விளக்கியது. எங்கோ அடித்த காற்று, இங்கே வந்து அடுப்பை அணைத்தது.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை: தமிழ்நாட்டின் மேற்குக் கடைசியில் வரிசையாக இருக்கும் இந்த எட்டுக் கரையூர்களில் ஒன்றில் பிறந்தவன் நான். என் மனைவி எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பொழியூர்க்காரி. எங்கள் ஊரின் பேரை இதில் எழுதாமல் விடுகிறேன். கல்லறைகளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஊரில் அது இன்னும் ஆறாத காயம். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பரப்பு சங்குமுகத்திலிருந்து நீரோடி வரை, சுமார் 30 கிலோமீட்டர். கடல் உயர்ந்து, புயல் பெருகி, மணல் குறைந்துவரும் இந்தக் காலத்தில், இந்தக் கரையில் கும்பிடுகிறவர்கள் தங்கள் புனித இடங்களுக்காக என்ன செய்தார்கள், எது பலித்தது, எங்கே தவறினார்கள் என்பதுதான் கேள்வி.

கடைசி வரிசை

எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டம் கோயிலுக்கு மேற்கே, கடலைப் பார்த்து இருக்கிறது. அந்தக் காலத்தில் கடலுக்கும் மதிலுக்கும் நடுவே வள்ளங்களை ஏற்றி வைத்து, வலை காயப்போட்டு, பிள்ளைகள் பந்து விளையாடுகிற அளவுக்கு மணல் கிடந்தது. முதலில் மணல் போனது. அப்புறம் மதில் சாய்ந்தது. அடுத்த ஆனி ஆடிக் கடல் சீற்றத்தில், எங்கள் பேச்சில் கடலடியில், கடல் பக்கத்துக் கடைசி வரிசைக் கல்லறைகள் போயின. சிலுவைகளில் சிலதை இளைஞர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எடுத்து வந்து சக்ரீஸ்து அறைக்குப் பின்னால் சார்த்தி வைத்தார்கள். அவை இன்றும் அங்கேதான் இருக்கின்றன. யாருடைய சிலுவை என்று ஒன்றிரண்டில்தான் எழுத்துத் தெரிகிறது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எங்கள் பெரியம்மை ஒரு கட்டு மெழுகுதிரியும் சாமந்திப் பூவுமாக வந்தார். அவருடைய அப்பா அந்தக் கடைசி வரிசையில் இருந்தவர். பெரியம்மை சரிந்த மண்மேட்டின் ஓரத்தில் நின்று, கோயில் கோபுரத்தைப் பார்த்து, பக்கத்துத் தென்னையைப் பார்த்து, விரலால் காற்றில் கோடு போட்டு இடத்தைக் கண்டுபிடித்தார். அது தண்ணீருக்குள் இருந்தது. "இங்க குத்துனா நிக்காது மக்களே" என்று சொல்லி, ஒரு சிரட்டையில் மணல் அள்ளி, அதில் திரியை நட்டுக் கொளுத்தி, அலை தொடாத இடத்தில் வைத்தார். மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள். மந்திரிப்பு நடத்த வந்த பாதர் வழக்கமாக ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துப் போவார். அன்று கடைசியாகக் கடலை நோக்கித் திரும்பி நின்று மூன்று தடவை தெளித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது அது ஊர் வழக்கமாகிவிட்டது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புனித இடம் என்றதும் கட்டடத்தைத்தான் நினைக்கிறோம். இந்தக் கரையில் புனிதம் மணலில் இருக்கிறது. குருசடி, தேர்ப்பாதை, கல்லறை, வலைக்கு மந்திரிக்கும் இடம் எல்லாம் மணல்மேல். மணல் போனால் கோயில் நின்றாலும் வழிபாட்டில் பாதி போய்விடுகிறது.

சங்குமுகமும் பீமாப்பள்ளியும்

இந்தப் பாடு கத்தோலிக்கருக்கு மட்டும் வந்ததல்ல. திருவனந்தபுரம் பத்மநாபசாமிக்கு ஆண்டில் இரண்டு ஆறாட்டு, பங்குனியிலும் ஐப்பசியிலும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் வாளேந்தி முன்னே நடக்க, ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் குறுக்கே கடந்து சங்குமுகம் கடலுக்குப் போகும். அதற்காகச் சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள் நிற்கும். விமானத்தையே நிறுத்தி வைக்கிற சாமிக்கு, இறங்கி நீராடக் கரை வேண்டும். அந்தக் கரைதான் 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு கரைந்துகொண்டே வந்தது. 2021 மே மாதம் டவ்தே புயல் நேரத்தில் சங்குமுகத்திலிருந்து விமான நிலையம் போகும் சாலை இடிந்து கடலோடு போனது. மண்ணுக்கடியில் ஆழமாகக் கான்கிரீட் சுவர் இறக்கி 2022ல்தான் திறந்தார்கள். அதே புயல் நேரத்தில்தான் பக்கத்து வலியதுறையில் 1956ல் கட்டிய கடல்பாலமும் சாய்ந்தது.

கரை மணலின் சுழற்சி தெரிந்தவர்களுக்கு இதன் நுணுக்கம் புரியும். தென்மேற்குப் பருவத்தில் கடல் மணலை வாரிக்கொண்டு போய் சற்றுத் தள்ளி அடியில் குவிக்கும். பருவம் ஓய்ந்த பிறகு அமைதியான அலை அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் தள்ளும். பங்குனி ஆறாட்டு வரும்போது மணல் திரும்பியிருக்கும். ஐப்பசி ஆறாட்டு, கடல் எடுத்ததை இன்னும் முழுசாகத் திருப்பிக் கொடுக்காத நேரம். ஆடி அமாவாசை இன்னும் மோசம். கர்க்கடக வாவு பலியிட ஆயிரக்கணக்கானவர்கள் வரும் அந்த நாள் கடலடியின் நடு உச்சியில் விழுகிறது. கடல் மூர்க்கமான ஆண்டுகளில் பலியிட வருகிறவர்கள் சங்குமுகத்தை விட்டு, ஆற்றங்கரையில் இருக்கும் திருவல்லம் பரசுராமர் கோயில் போன்ற இடங்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது. பஞ்சாங்கம் எழுதியவர்கள் நாள் குறித்தபோது, மணல் போய்த் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. இப்போது போவது முழுக்க வருவதில்லை.

இதே கரையில்தான் பீமாப்பள்ளி தர்காவும் இருக்கிறது. சந்தனக்குடம் சுமந்து உரூசுக்கு வருகிறவர்களில் எங்கள் குமரி மாவட்டத்தார் நிறைய; மதம் பார்க்காத நேர்ச்சை அது. அங்கேயும் கடல் நெருங்கி வந்தபடிதான் இருக்கிறது.

2015ல், பாரிஸ் பருவநிலை மாநாட்டுக்கு முந்தைய மாதங்களில் மூன்று சமயத்தாரும் பேசினார்கள். ஜூனில் போப் பிரான்சிஸின் 'லவுதாத்தோ சீ' திருமடல் வெளிவந்தது. தமிழில் 'இறைவா உமக்கே புகழ்'. ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் இஸ்லாமியப் பிரகடனம். நவம்பரில் இந்துப் பிரகடனம். எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தது முதலாவதுதான். அதன் கருத்து மற்றவற்றைவிட உயர்ந்தது என்பதால் அல்ல. முப்பது நாற்பது குடும்பத்துக்கு ஓர் அன்பியம், அன்பியங்கள் சேர்ந்து பங்கு, பங்குகள் சேர்ந்து மறைவட்டம் என்று ஒரு வாய்க்கால் ஏற்கனவே வெட்டிக் கிடந்தது. பூமியின் கூக்குரலும் ஏழைகளின் கூக்குரலும் ஒன்று என்று அந்தத் திருமடல் சொல்வதை எங்கள் பெண்கள் அன்பியக் கூட்டத்தில் வாசித்தபோது, அதைத் தங்கள் ஊர்ச் செய்தியாகத்தான் வாசித்தார்கள்.

ஒக்கி கற்றுக் கொடுத்தது

2017 நவம்பர் 29, 30. ஒக்கி. ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் எங்கள் விசைப்படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குமரி மாவட்டத்தில் மட்டும் இருநூறு பேர் அளவில் போனார்கள். பெரும்பாலானவர்களின் உடல் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் யார் கடலுக்குப் போனார்கள், யார் திரும்பவில்லை என்ற கணக்கு அரசிடம் இல்லை. பங்கில் இருந்தது. திருமுழுக்குப் பதிவேடு, குடும்பப் பதிவேடு, படகுக்காரர் வீட்டுக்கு வீடு சொன்ன விவரம் எல்லாவற்றையும் வைத்து, கோயில் வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து இளைஞர்கள் எழுதினார்கள். ஒவ்வொரு பேருக்கும் நேரே படகின் பேர், கடைசியாகப் போன் வந்த நேரம். அரசின் கணக்குக்கும் திருச்சபையின் கணக்குக்கும் வித்தியாசம் வந்தபோது, கையில் பட்டியல் இருந்ததால்தான் பேச முடிந்தது. டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பின்னர் இரண்டு மாநில அரசுகளும் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்தன. அப்போது எங்கள் திருவனந்தபுரம் மறைமாவட்டத்தை நடத்திய பேராயர் சூசைபாக்கியம் மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். போன ஒவ்வொரு வீட்டிலும் அவர் தமிழில் அழ முடிந்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஒக்கிக்குப் பிறகு ஊர் ஒன்றை உணர்ந்தது. உடல் வராதவர்களுக்குக் கடல்தான் கல்லறை. அதனால் கடலே புனித இடம். பெரியம்மை சிரட்டையில் திரி வைத்ததையும் பாதர் கடலுக்குத் தீர்த்தம் தெளித்ததையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அரபிக்கடல் முன்பெல்லாம் இவ்வளவு புயல் தந்த கடல் அல்ல. புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் 2021ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1982 முதல் 2000 வரையான காலத்தோடு ஒப்பிட்டால் 2001 முதல் 2019 வரை அரபிக்கடலில் புயல்களின் எண்ணிக்கை 52 சதவீதம் கூடியிருக்கிறது. மிகக் கடுமையான புயல்கள் 150 சதவீதம் கூடியிருக்கின்றன. கடலின் மேல்நீர் சூடாகிக்கொண்டே வருவதுதான் காரணம்.

கல் போட்டால் யாருக்குப் போகும்

இங்கேதான் எனக்கு மனவருத்தம் தரும் பகுதி வருகிறது. கோயிலைக் கடல் நெருங்கியதும் ஒவ்வொரு பங்கும் கேட்டது ஒன்றே: கல். கருங்கல் தடுப்புச் சுவர், தூண்டில் வளைவு, மலையாளத்தில் புலிமுட்டு. நாங்களும் கேட்டோம். மனு எழுதியதில் நானும் ஒருவன். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். நாங்கள் கொடுத்த மனு ஓரிடத்தில் மூன்று முறை காணாமல் போனது. மூன்று முறையும் திரும்ப எழுதிக் கொடுத்தோம்.

கல் என்ன செய்யும் என்று அப்போது முழுசாக யோசிக்கவில்லை. நேராகப் போட்ட சுவரில் மோதும் அலை, திரும்பிப் போகும்போது சுவரின் காலடி மணலைத் தோண்டிக்கொண்டு போகும். கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைப் பிடித்து வைக்கும். கரையோரமாக நகர்ந்து போகவேண்டிய அந்த மணல் மறுபக்கத்து ஊருக்குப் போகாது. ஒருவர் கோயில் பிழைத்தால் அடுத்தவர் கோயிலுக்குக் குழி. தமிழ்நாட்டுப் பக்கம் போட்ட கல்லால்தான் தங்கள் கரை போகிறது என்று பொழியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். என் மச்சினன் என் முகத்தைப் பார்த்தே சொன்னான். "ஒங்க மாதா பிழைச்சா, எங்க மாதா?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கடல் ஏறுவதற்கு எல்லாம் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் பலருக்கு வசதியாகப் போய்விடும். அது உண்மையின் ஒரு பாதி. பேச்சிப்பாறை அணை 1906ல் முடிந்தது, நெய்யாறு அணை 1958ல். ஆறுகள் கடலுக்குச் சேர்க்க வேண்டிய மணல் அணைக்குள் நிற்கிறது. மிச்சத்தை லாரி அள்ளியது. அதற்கு மேல் துறைமுகங்கள். 1990க்கும் 2016க்கும் இடையில் கேரளக் கரையில் 45 சதவீதம் அரிப்புக்கு உள்ளானது என்று தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 2018ல் சொன்னது. 2024ல் கிள்ளியூர் வட்டத்தில் கொல்லங்கோடு உட்பட சில ஊர்களில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது கரை முழுக்க எதிர்த்தது. மணலை இழந்துகொண்டிருக்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்?

விழிஞ்ஞம் போராட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். துறைமுகக் கட்டுமானத்தால் கரை அரிக்கிறது, தனியாக ஆய்வு வேண்டும், வீடிழந்து வலியதுறையில் கிட்டங்கிக்குள் வாழும் குடும்பங்களுக்கு வீடு வேண்டும் என்று 2022 ஜூலை 20 முதல் டிசம்பர் 6 வரை திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம் போராடியது. கோரிக்கைகளில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் துறைமுகம் வேண்டும் என்று நின்ற உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். நவம்பர் 27 இரவு காவல் நிலையம் தாக்கப்பட்டபோது அது கரைக்காக நடந்த போராட்டம் என்ற முகத்தை இழந்து, இவர்களா அவர்களா என்று ஆகிவிட்டது. சங்குமுகத்தில் ஆறாட்டுக்கு மணல் வேண்டியவர்களையும் பீமாப்பள்ளிக்காரர்களையும் முதல் நாளிலேயே பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. மூவரும் கேட்பது ஒரே மணலை.

பின்வாங்கலாமா

கேரள அரசின் புனர்கேகம் திட்டம், உச்ச அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் 18,685 குடும்பங்களை உள்ளே குடியமர்த்தச் சொன்னது. மொத்தம் 2,450 கோடி. நிலத்துக்கும் வீட்டுக்குமாகக் குடும்பத்துக்கு 10 லட்சம். அதற்கு முன்பே, 2018ல், முட்டத்தறையில் 192 வீடுகள் கொண்ட அடுக்குமாடி கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் பங்கு என்ற கோணத்தில் பார்த்தால் இன்னொரு சிக்கல்: ஆள்கள் சிதறிப் போவார்கள், கோயில் மட்டும் கடலைப் பார்த்துத் தனியாக நிற்கும். விடியற்காலம் கடலின் நிறம் பார்த்து இறங்குகிறவன் பத்துக் கிலோமீட்டர் தள்ளி எப்படிக் குடியிருப்பான்? எங்கள் பக்கமோ கடலுக்கும் ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய்க்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கிறது. பின்னால் போக நிலமே கிடையாது.

பின்வாங்குவது நம்பிக்கைக்குக் கேடு என்று நான் நினைக்கவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பம்பை திரிவேணி சின்னாபின்னமான பிறகு, சபரிமலையின் அடிவார முகாம் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிலக்கல்லுக்குப் போனது. தமிழ்நாட்டிலிருந்து போகும் சாமிமார்கள் வண்டியை அங்கே விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் போகப் பழகிவிட்டார்கள். ஃபிஜித் தீவில் வூனிடோகோலோவா என்ற ஊர் 2014ல் கரையை விட்டு சுமார் இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய் மொத்த ஊராகக் குடியேறியது. மொத்த ஊராக என்பதுதான் முக்கியம். வீடு வீடாகப் பிய்த்து எடுத்தால் ஊர் போய்விடும். பங்கு முழுசாக, பக்கத்திலேயே, கடல் கண்ணில் படுகிற தூரத்துக்கு நகர்ந்தால் சாமியும் கூடவே வரும். எங்கள் மறைவட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் இன்னும் குறைவு. பேச வேண்டும் என்பது என் கருத்து.

திருவனந்தபுரம் மறைமாவட்டம் 1937ல் உருவானது. மாநில எல்லை 1956ல் வந்தது. எல்லை வந்த பிறகும் எங்கள் எட்டு ஊர்களும் தமிழ்நாட்டில் இருந்துகொண்டே திருவனந்தபுரத்துப் பேராயருக்குக் கீழேதான் இருக்கின்றன. இரண்டு அரசுகளும் தங்கள் தங்கள் பக்கத்துக் கல்லை மட்டும் எண்ணுகின்றன. நீரோடியையும் பொழியூரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எந்தக் கல் யார் மணலைத் தடுக்கிறது என்று பேச வைக்கக்கூடிய அமைப்பு இந்தக் கரையில் ஒன்றுதான் இருக்கிறது. ஒக்கியின்போது பட்டியல் எழுதிய அதே கை, மணலுக்கும் கணக்கு எழுதலாம்.

சின்னதாக ஒன்று தொடங்கியிருக்கிறோம். கோயில் படிக்கட்டில் ஒரு பழைய நங்கூரக் கயிற்றைக் கட்டி, மாதத்தின் முதல் வெள்ளிப் பூசை முடிந்ததும் இளைஞர்கள் அதைக் கடல்வரை இழுத்துப் போவார்கள். அலை தொடும் இடத்தில் கயிற்றில் ஒரு நூல் முடிவார்கள்; கடலடி மாதத்துக்குச் சிவப்பு, மணல் திரும்பும் மாதத்துக்கு வெள்ளை. பக்கத்தில் இன்னொரு நோட்டு. அதில் கல்லறைத் தோட்டத்தில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு கல்லறைக்கும் வரிசை எண், பேர், படிக்கட்டிலிருந்து எத்தனை பாகம் (இரு கையையும் விரித்த நீளம்) என்ற அளவு. போன கடைசி வரிசையையும் ஞாபகத்திலிருந்து எழுதினோம். பெரியம்மை வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். தன் அப்பாவுக்கு இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்பது வரைக்கும்.

போன மாதம் மச்சினன் தன் பங்கிலிருந்து இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். கயிற்றைப் பார்த்தார்கள், நூலை எண்ணினார்கள். அப்புறம் அதே நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டித் தரச் சொன்னார்கள். வெட்டிக் கொடுத்தோம். சிவப்பு நூல் ஒரு கண்டும் வெள்ளை நூல் ஒரு கண்டும் பெரியம்மை எடுத்துக் கொடுத்தார். அடுத்த முதல் வெள்ளி, அங்கே அவர்கள் படிக்கட்டிலும் கட்டுகிறார்கள்.